ஒன்றும் சொல்லாதவர் வீட்டுக்கு எந்த மின்சாரம்?

மின்சாரத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தாலும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகச் சிலரே. குடிபோகும்போது இணைப்பைப் பெயருக்கு மாற்றிக்கொள்கிறோம், பில் வந்தால் கட்டுகிறோம், அதோடு சரி. ஆகவே, வாய் திறக்காத வீட்டுக்கு எந்தத் திட்டம் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு நகரம் முடிவு செய்தால், பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே முடிந்த முடிவாகிவிடுகிறது. டீஃபால்ட் என்று சொல்லப்படும் இந்த இயல்புத் திட்டத்தைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாற்றலாமா, முழுவதுமா பாதியா, மாற்றினால் பாரம் யார் தலையில் விழும் என்ற கேள்விகள் கலிஃபோர்னியாவின் பல நகர மன்றங்களில் வாக்கெடுப்பு வரை வந்திருக்கின்றன. அங்கே நடந்ததையும், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் கண்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு மன்றத்தின் முன்னால் இருக்கும் வழிகளை எடைபோட முடியும்.

முதலில் எது மாறும், எது மாறாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2002-இல் கலிஃபோர்னியாவில் வந்த ஒரு சட்டம், நகரங்களும், மாவட்டம் போன்ற கவுண்டிகளும் சேர்ந்து தங்கள் குடியிருப்பாளர்களுக்காக மின்சாரத்தை மொத்தமாக வாங்க வழிவிட்டது. 2010-இல் மரின் கவுண்டி முதலில் இறங்கியது. இந்த ஏற்பாட்டில் கம்பம், கம்பி, மீட்டர், பில் அனுப்பும் வேலை எல்லாம் பழைய மின் நிறுவனத்திடமே இருக்கும். காற்றில் கம்பி அறுந்தால் வந்து சரி செய்வதும் அவர்களுடைய ஆட்கள்தான். மாறுவது, மின்சாரத்தை யாரிடமிருந்து, எந்த வகையில் வாங்குகிறார்கள் என்பது மட்டும். பச்சைத் திட்டத்துக்கு, அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு, மாறினால் கரண்ட் அடிக்கடி போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இங்கே இடமில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே மின்தொகுப்பிலிருந்துதான் மின்சாரம் வருகிறது. நிலக்கரித் திட்டத்தில் இருப்பவர் வீட்டு விளக்கு அணையும் நேரத்தில்தான் பச்சைத் திட்டத்தில் இருப்பவர் வீட்டு விளக்கும் அணையும்.

பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். உற்பத்திக்கு ஒரு தொகை, விநியோகத்துக்கு ஒரு தொகை என இரண்டு பெரிய பகுதிகள். திட்டம் மாறினால் முதல் பகுதி மாறும். இரண்டாவது அப்படியே நிற்கும். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வாடிக்கையாளர்களை நம்பிப் பழைய நிறுவனம் முன்பே போட்டு வைத்த ஒப்பந்தங்களின் நஷ்டத்தை ஈடுகட்டுவதற்கான கட்டணம் அது. ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது இது. நகரத்தின் திட்டம் ஓர் ஆண்டு மலிவாகவும் மறு ஆண்டு அதிகமாகவும் தெரிவதற்குப் பல நேரம் இந்தக் கட்டணம்தான் காரணம். வாக்களிக்கும் மன்ற உறுப்பினர் வேறெதைப் படிக்காவிட்டாலும் இந்த மூன்று பகுதிகளையாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

விருப்பமுள்ளவர் மட்டும் சேரட்டும்

இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, வேண்டுபவர்கள் பச்சைத் திட்டத்தில் பதிந்துகொள்ளட்டும் என்பது முதல் வழி. யாரையும் கேட்காமல் எதையும் மாற்றவில்லை என்ற நிம்மதி மன்றத்துக்குக் கிடைக்கும். பலன்தான் கிடைக்காது. ஜெர்மனியில் ஏறத்தாழ 42,000 வீடுகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. ஒரு மின் நிறுவனத்தின் இணையதளத்துக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பச்சை மின்சாரத்துக்கான கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது. மற்றவர்கள் தாங்களே குறியிட வேண்டும். தாங்களே குறியிட வேண்டியிருந்தவர்களில் ஒப்பந்தம் எடுத்தபோது பச்சையைத் தேர்ந்தெடுத்தவர்கள் 7 சதவீதத்தை ஒட்டியவர்களே. முன்பே குறியிட்டிருந்த பக்கத்தில் 69 சதவீதம். ஒரே நாடு, ஒரே நிறுவனம், ஒரே மின்சாரம். மாறியது ஒரு சிறு குறி.

இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, ‘விருப்பத் திட்டம் வைத்திருக்கிறோமே’ என்று ஒரு நகரம் சொல்வதைக் காலநிலைக்காக எடுத்த நடவடிக்கையாக நான் எண்ணுவதில்லை. மக்களுக்கு அக்கறை இல்லை என்றும் இதற்கு அர்த்தமில்லை. கேட்டால் பெரும்பாலோர் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். படிவம் நிரப்புவது வேறு வேலை, அதற்கு நேரம் வாய்ப்பதில்லை.

முழுப் பச்சையே இயல்பு

எதிர்முனையில் இருப்பது 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை இயல்பாக வைத்து, வேண்டாதவர் விலகிக்கொள்ள வழிவிடுவது. இதற்கு அனுபவம் நிறைய இருக்கிறது. தென் ஜெர்மனியில் எனர்கீடீன்ஸ்ட் என்ற நிறுவனம் 1999-இல் தன் வாடிக்கையாளர்களுக்கு மூன்று திட்டங்களை அறிவித்தது. பதில் எழுதாதவர்கள் பச்சைத் திட்டத்தில் சேர்க்கப்படுவார்கள். 8 சதவீதம் மலிவான சாதாரணத் திட்டம் ஒன்று உண்டு. 23 சதவீதம் விலை கூடிய, இன்னும் பச்சையான திட்டம் ஒன்றும் உண்டு. ஏறக்குறைய 94 சதவீதத்தினர் இயல்பிலேயே இருந்துவிட்டார்கள். மலிவானதற்கு எழுதிப்போட்டவர்கள் 5 சதவீதம்கூட இல்லை. சுவிட்சர்லாந்தில் இரண்டு மின் நிறுவனங்களின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் ஆயிரக்கணக்கான வணிக இணைப்புகளையும் பின்தொடர்ந்த ஆய்வு 2021-இல் வெளியானது. அதில் சுமார் 80 சதவீதம் பேர் நிலைத்தார்கள், அதுவும் ஆண்டுக்கணக்கில். ‘பச்சை மின்சாரம்தானே’ என்று தாராளமாகச் செலவழிப்பார்களோ என்றும் ஆராய்ந்தார்கள். அப்படிப் பயன்பாடு கூடியதற்குத் தடயம் இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸ், வென்சுரா கவுண்டிகளில் செயல்படும் கிளீன் பவர் அலையன்ஸ் என்ற கூட்டுக் கொள்முதல் அமைப்பு தொடக்கத்தில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் 36, 50, 100 சதவீதம் என்று மூன்று படிகளை வைத்தது. எந்தப் படி இயல்பு என்பதை ஒவ்வொரு நகர மன்றமும் தானே தீர்மானித்தது. சாண்டா மோனிகா, கல்வர் சிட்டி, வெஸ்ட் ஹாலிவுட், ஓஹை போன்றவை 2019-இல் நேராக 100-க்குப் போயின. வடக்கே, சான் மட்டேயோ கவுண்டியின் போர்ட்டோலா வேலி என்ற சிற்றூர் அதற்கும் முன்பே போய்விட்டது.

இங்கே எழும் எதிர்வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? கடிதத்தைப் பிரிக்காதவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், வயதான தாயாரின் பில்லை வேறு ஊரிலிருந்து ஆன்லைனில் கட்டும் மகன், இவர்களெல்லாம் சம்மதித்தவர்களா? இல்லைதான். ஆனால் பழைய திட்டத்துக்கும் அவர்கள் சம்மதிக்கவில்லை. எரிவாயு ஆலையிலிருந்து இத்தனை பங்கு, அணு உலையிலிருந்து இத்தனை பங்கு என்று அவர்கள் சார்பில் வேறு யாரோ முடிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான். ஏதோ ஓர் இயல்பு இருந்தே தீரும். அதை மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் பகிரங்கமாக விவாதித்து முடிவு செய்வது, ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு முடிவு செய்வதைவிட மேல். இதை நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஈடாக, விலகும் கதவு அகலமாகத் திறந்திருக்க வேண்டும்: கட்டணம் இல்லாமல், காரணம் கேட்காமல், ஒரே போன் அழைப்பில்.

இனி பணக் கணக்கு. கலிஃபோர்னியாவில் இத்தகைய முழுப் பச்சைத் திட்டங்கள் பலவற்றுக்கு அடிப்படைத் திட்டத்தைவிட யூனிட்டுக்கு 1 சென்ட் கூடுதல் என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. மாதம் 500 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 60 டாலர். நல்ல சம்பளக்காரருக்கு அது கண்ணில்கூடப் படாது. வாடகையையும் மருந்தையும் கட்டிவிட்டு மிச்சத்தை எண்ணுகிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. இன்னொன்றும் இருக்கிறது. பழைய மின்சூடேற்றி பொருத்திய வாடகை வீட்டில் இருப்பவருக்கும், கடற்கரையிலிருந்து தள்ளி வெயில் கொளுத்தும் உட்பகுதியில் இருப்பவருக்கும் யூனிட் பெருகும், கூடுதலும் பெருகும். சூடேற்றியை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அது வீட்டுக்காரர் கையில்.

கலிஃபோர்னியாவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மின்கட்டணத்தில் 30 முதல் 35 சதவீதம் வரை தள்ளுபடி தரும் திட்டம் இருக்கிறது. வீட்டில் உயிர்காக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு மலிவு விலையில் கூடுதல் யூனிட் தரும் சலுகையும் உண்டு. இவர்களை என்ன செய்வது என்பதில் நகரங்கள் இரண்டு விதமாகப் பிரிந்தன. 2022-இல் பெர்க்லி நகரம் வீடுகளை முழுப் பச்சைக்கு மாற்றியபோது இந்தச் சலுகை பெறுகிறவர்களை அடிப்படைத் திட்டத்திலேயே விட்டுவைத்தது. கிளீன் பவர் அலையன்ஸ் பகுதியில் 100 சதவீதத்தை இயல்பாகக் கொண்ட நகரங்களில் இதே மக்களுக்கு முழுப் பச்சையைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுத்தார்கள். பெர்க்லியின் வழி நேரடியானது, யாருக்கும் சுமை இல்லை. என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. வசதியுள்ளவருக்கு ஒரு மின்சாரம், இல்லாதவருக்கு இன்னொன்று என்று நகரமே கோடு கிழிக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகையின் செலவு மற்றவர்கள் கட்டும் தொகையிலிருந்துதான் வரும் என்பதையும் மன்றம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் ஓர் ஓட்டை மிஞ்சும். தள்ளுபடிக்குத் தகுதி இருந்தும் பதியாதவர்கள் இருப்பார்கள். வருமான வரம்பைச் சில டாலர் தாண்டியதால் தகுதி இழந்தவர்களும் இருப்பார்கள். டீஃபால்ட்டை மாற்றுவதற்கு முந்தைய மாதங்களில் நகரம் செய்ய வேண்டிய முதல் வேலை, முதல் வகையினரைத் தேடிப் பிடித்துப் பதிய வைப்பது. நூலகத்தில், மருத்துவ முகாமில், பள்ளி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தால் முடியும் காரியம்தான் இது. இதைச் செய்யாமல் இயல்பை மட்டும் மாற்றுகிற நகரம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

நடுவழி

50 சதவீதத்தை இயல்பாக வைப்பது சமரசம். கட்டணம் பெரிதாக ஏறாது, எதிர்ப்பும் குறைவு. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி தன் நேரடி ஆட்சிப் பகுதிகளுக்கு முதலில் 50 சதவீதப் படியை எடுத்து, 2022-இல் 100-க்கு ஏறியது. படியாக வைத்துக்கொண்டால் இதில் தவறில்லை. ஆனால் 2018-இல் இயற்றிய சட்டப்படி, 2030-க்குள் கலிஃபோர்னியாவில் விற்கும் மின்சாரத்தில் 60 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருந்தாக வேண்டும். சட்டம் எல்லோருக்கும் 60 என்று சொல்லும்போது 50-இல் நிற்பதற்குப் பெயர் முன்னேற்றமில்லை. ஏறும் தேதியைத் தீர்மானத்திலேயே எழுதாத நடுவழியை நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்த 100?

விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். காற்றாலையோ சூரியப் பூங்காவோ 1,000 யூனிட் உற்பத்தி செய்யும்போது ஒரு சான்றிதழும் பிறக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சான்றிதழை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். யார் வாங்குகிறாரோ அவர் பச்சை மின்சாரம் பயன்படுத்தியதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 6,000 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு ஆறு சான்றிதழ் போதும். தொலைதூரக் காற்றாலைகளின் சான்றிதழ் ஒன்று ஒரு டாலர் அளவில் விற்ற காலம் உண்டு. அப்படியானால் ஆறு டாலரில் ஒரு வீடு ஓர் ஆண்டுக்குக் காகிதத்தில் முழுப் பச்சை ஆகிவிடும். யூனிட்டுக்கு 1 சென்ட் என்றால் 60 டாலர் என்று மேலே பார்த்தோம். இந்த ஆறுக்கும் அறுபதுக்கும் இடையில்தான் எல்லாமே இருக்கிறது. முன்பே கட்டி முடித்து ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைக்கு ஒரு டாலர் கூடக் கிடைத்ததால் புதிதாக ஒரு காற்றாடிகூட நடப்படாது.

ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தின் கதை இதற்கு நல்ல பாடம். 2012-இல் அது தன் குடியிருப்பாளர்களுக்கு மொத்தமாக மின்சாரம் வாங்கி, சான்றிதழ் வழியாக அதை முழுப் பச்சையாக்கியது. அந்த அளவுள்ள அமெரிக்க நகரங்களில் அதுவே முன்னோடி. சான்றிதழோடு நகரம் நின்றுவிட்டிருந்தால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். பிறகு ஒஹையோவிலேயே, ஹைலண்ட் கவுண்டியில், 100 மெகாவாட் சூரியப் பூங்கா ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டு, அதில் ஒரு பங்கை நகராட்சிக் கட்டடங்களுக்கும் மறு பங்கைக் குடியிருப்பாளர் திட்டத்துக்கும் ஒதுக்கியது. இல்லாத ஒன்று அதனால் எழுந்தது. பாஸ்டன் வேறு பாதையில் போனது. 2021-இல் தொடங்கிய அதன் இயல்புத் திட்டம் 100 சதவீதம் அல்ல. மாநிலம் விதித்த குறைந்தபட்சத்துக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாக, அதுவும் அந்த வட்டாரத்தின் புதிய ஆலைகளிலிருந்து வரும் வகையில் வாங்கியது. பெயருக்கு 100 என்று சொல்லித் தூரத்துச் சான்றிதழ் வாங்கும் நகரத்தையும் பாஸ்டனையும் என் முன் வைத்தால் தயங்காமல் பாஸ்டனைத்தான் எடுப்பேன்.

நீண்டகால ஒப்பந்தத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், சூரியப் பூங்கா கட்டக் கடன் கொடுக்கும் வங்கி, இந்த மின்சாரத்தை இத்தனை ஆண்டு யார் வாங்கப் போகிறார் என்றுதான் முதலில் கேட்கும். பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒரு நகரம் கையெழுத்துப் போட்டால் கடன் கிடைக்கும், பூங்கா எழும். கலிஃபோர்னியாவில் இதைச் சட்டமே வற்புறுத்துகிறது: 2021-இலிருந்து, கட்டாயமாக வாங்க வேண்டிய புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் 65 சதவீதம் குறைந்தது பத்தாண்டு ஒப்பந்தங்களில் வர வேண்டும். கட்டாய அளவுக்கு மேல் வாங்குவது எங்கிருந்து வருகிறது என்பதை நகரம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரக் கணக்கும் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் 100 சதவீதம் என்றால், நண்பகலில் தேவைக்கு மேல் வாங்கிய சூரிய மின்சாரத்தை வைத்து இரவில் எரித்த எரிவாயுவைக் கழித்துக்கொள்ளலாம். மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்றால் கதை வேறு. மாலையில் சூரியன் இறங்கி எல்லோரும் வீடு திரும்பும் நேரத்துக்குக் காற்றாலையோ புவிவெப்ப ஆலையோ பேட்டரியோ வேண்டும். சான் மட்டேயோ கவுண்டியின் பெனின்சுலா கிளீன் எனர்ஜி என்ற கொள்முதல் அமைப்பு இந்தக் கடினமான இலக்கை எடுத்துக்கொண்டது. 99 சதவீத மணிநேரத் தேவையைப் பொருத்துவதற்குச் சிறிய கூடுதல் செலவே ஆகும், கடைசி ஒரு சதவீதம்தான் விலையை எகிற வைக்கிறது என்று 2023-இல் வெளியிட்ட அதன் ஆய்வு சொன்னது. கலிஃபோர்னியாவின் பேட்டரிச் சேமிப்பு 2024-இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டதால் இது கனவாகவும் இல்லை. புதிதாகத் தொடங்கும் நகரம் மணிநேர இலக்கை உடனே எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த மணிநேரத்தில் எவ்வளவு பற்றாக்குறை என்பதை ஆண்டுதோறும் வெளியிடச் செய்வது முதல் நாளிலிருந்தே முடியும்.

விலகும் வழியே இல்லாத ஏற்பாடு ஒன்றும் உண்டு. கான்பெரா இருக்கும் ஆஸ்திரேலியத் தலைநகரப் பிரதேசம், காற்றாலைகளோடும் சூரியப் பூங்காக்களோடும் ஏல முறையில் நிலையான விலைக்கு நீண்ட ஒப்பந்தம் போட்டு, 2020-க்குள் முழுத் தேவைக்கும் ஈடான புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை உறுதி செய்தது. செலவு எல்லோர் பில்லிலும் பரவும். தேர்வு என்ற பேச்சே இல்லை. சந்தை விலை ஒப்பந்த விலைக்கு மேலே போனால் வித்தியாசம் மக்களுக்குத் திரும்பும். 2022-இல் கிழக்கு ஆஸ்திரேலியா முழுக்க மின்விலை எகிறியபோது கான்பெராவில் ஒழுங்குமுறை அமைப்பு நிர்ணயிக்கும் மின்கட்டணம் சற்று இறங்கியதற்கு இதுவே காரணம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஒரு சாதாரண நகர மன்றத்துக்கு அவ்வளவு அதிகாரம் இருக்காது என்பதால்தான் இதை வழிகளின் பட்டியலில் முன்னால் வைக்கவில்லை.

அவசரத்தின் விலைக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆரஞ்சு கவுண்டியின் ஹண்டிங்டன் பீச் நகரம் 2022-இல் முழுப் பச்சையை இயல்பாக வைத்துப் புதிய கூட்டுக் கொள்முதல் அமைப்பு ஒன்றில் இறங்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில் மன்றம் கை மாறியது. 2023-இல் அமைப்பை விட்டே வெளியேற மன்றம் வாக்களித்தது. ஒரு நகரம் வெளியேறினால் அதை நம்பிப் போட்ட ஒப்பந்தங்களின் சுமை மிச்சமிருக்கும் நகரங்கள் மேல் சாயும். மக்களிடம் போதுமான அளவு பேசாமல் வாங்கிய பெரும்பான்மை அடுத்த தேர்தல் வரைதான் தாங்கும்.

நான் மன்றத்தில் இருந்தால் எதற்கு வாக்களிப்பேன்? 100 சதவீதத்தை இயல்பாக வைப்பதற்கு. ஆனால் நிபந்தனைகள் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். தள்ளுபடி பெறும் வீடுகளுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. வீடுகளுக்கு முதலில், வணிக இணைப்புகளுக்குச் சில மாதம் கழித்து. கட்டாய அளவுக்கு மேல் வாங்குவதில் பெரும்பகுதி புதிய ஆலைகளோடு போடும் நீண்ட ஒப்பந்தங்களிலிருந்து. அப்படி ஒப்பந்தம் அமையும்வரை 50-இல் நிற்க வேண்டியிருந்தால் நிற்கலாம், தேதியோடு.

கடிதத்தின் மேல் தனிக் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் முதன்முதலில் மக்களை இத்தகைய அமைப்பில் சேர்க்கும்போது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு அறிவிப்புகளைச் சட்டம் கேட்கிறது. டீஃபால்ட்டை மாற்றும்போதும் அதே ஒழுங்கை நகரம் தானாக ஏற்றுக்கொள்ளலாம். கடிதத்தின் முதல் பக்கத்தில், முதல் பத்தியில், அந்த வீட்டின் சென்ற ஆண்டுப் பயன்பாட்டை வைத்துக் கணக்கிட்ட மாதக் கூடுதல் எவ்வளவு என்று டாலரில் எழுதியிருக்க வேண்டும். ‘சராசரி வீட்டுக்கு’ என்று பொதுவாக எழுதினால் போதாது. காற்றாலைப் படத்தைப் பெரிதாகப் போட்டு, விலகும் எண்ணைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிற கடிதங்கள் நம்பிக்கையைக் கெடுக்கின்றன. அந்த எண் மேலேயே இருக்கட்டும், அந்த ஊரில் பேசப்படும் எல்லா மொழிகளிலும். அழைத்தால் எடுத்துப் பேச மாலையிலும் சனிக்கிழமையிலும் ஆள் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம்தான் வாய்க்கும்.